தோள் என்று சொல்லி வைத்த நோவு

ஒன்பதாம் அத்தியாயம்

போன கிழமை றமீலாவைக் கிணற்றடியில் நிற்க வைத்துவிட்டு வந்தோம். அவள் கையில் உம்மாவின் சட்டை. தோள் நோவுக்கென்று வாங்கிய எண்ணெயின் கறை அந்தச் சட்டையில் இருந்தது. ஆனால் தோளில் இல்லை. கக்கத்துக்குக் கீழே, மார்போரத்தில் இருந்தது.

பத்தொன்பது வயதுப் பிள்ளை. யாரும் சொல்லாமலே விளங்கிக்கொண்டாள். விளங்கியதை உம்மாவிடம் கேட்க நாக்கு எழவில்லை. சவர்க்காரத்தைப் போட்டுக் கறை போகும்வரை கசக்கினாள்.

இந்தக் கிழமைதான் வந்து உட்கார்ந்த பிள்ளைகளுக்காக இன்னும் இரண்டு வார்த்தை. அக்குறணைக் கடைத்தெருவில் மிளகும் பாக்கும் வாங்கி விற்கிற முனாபின் மனைவிதான் றமீலாவின் உம்மா; சித்தி றலியா என்று முழுப் பேர். அவர்கள் வீட்டுப் பெண்களுக்கு வருத்தம் வந்தால் ஆண்கள் போய் வைத்தியரிடம் சொல்லி மருந்து வாங்கி வருவதுதான் வழக்கம். வருத்தக்காரி வீட்டில் இருப்பாள். வருத்தம் மட்டும் புருஷனுடைய வாயில் ஏறி ஊர் போகும்.

றலியா தோள் என்றாள். முனாப் நம்பினார். சும்மா நம்பவில்லை, பாவம், ஓடி ஓடி நம்பினார். முதலில் உள்ளூர் வைத்தியரிடம் அந்தத் தோளைக் கொண்டுபோனார். பிறகு, றமீலாவைத் தம் மகனுக்குப் பேசியிருக்கிற ஹாஷிம் ஹாஜியார் சொன்னார் என்று, வத்தேகமவில் முறிவு நெரிவு பார்க்கிற சிங்கள வெதமாத்தியாவிடம் கொண்டுபோனார். அந்தக் காரமான எண்ணெய் அங்கே வாங்கியதுதான். கடைக்கு வருகிறவர்கள் மிளகு விலை கேட்குமுன் தோளைக் கேட்டார்கள். பள்ளியில் தொழுது எழும்பிய கையோடு தோளைக் கேட்டார்கள்.

கடைசியாகக் கண்டியில், கட்டுக்கலைப் பக்கம், பெண்களுக்கென்று மருந்துசாலை வைத்திருக்கிற யாழ்ப்பாணத்து லேடி டொக்டரிடம் போனார். மிஸ் கபிரியேல் என்று பேர். மலேரியாக் காய்ச்சல் ஊரை வாரிய வருஷத்தில் வீடு வீடாக ஏறி இறங்கிய மனுஷி. அவர் முனாப் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு ஒரே வார்த்தைதான் சொன்னார்.

"தோளை வீட்டிலை வைச்சிட்டு வந்து என்னட்டை மருந்து கேக்கிறியளோ? தோளுக்குச் சொந்தக்காரியைக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

கூட்டிக்கொண்டு போகிற அந்த நாள்தான் இன்று விடிந்திருக்கிறது.

*

வாசலில் வாடகைக் கார் வந்து நின்றது. பின் கண்ணாடிகளுக்கு முனாப் தம் கையாலேயே மறைப்புச் சீலை கட்டினார்.

அறைக்குள்ளே றலியா முக்காட்டைப் போடுவதும் எடுப்பதுமாக இருந்தாள்.

"மகள், வாப்பாட்ட செல்லு. எனக்கு இப்ப நோவில்லண்டு செல்லு. நல்லமாகிட்டு."

றமீலா கதவைச் சாத்தினாள். "இடது கைய ஒசத்துங்க உம்மா, பாப்பம்."

கை பாதி எழும்பியது. அதற்குமேல் எழும்பவில்லை. றலியா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"தோள் நல்லம்தானே உம்மா," என்றாள் றமீலா, மிகவும் மெதுவாக. "தோள் எப்பவும் நல்லம்தானே."

றலியாவின் முகம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்தது. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். பெற்ற மகளின் முன்னால், யாரோ அந்நிய மனுஷன் உள்ளே வந்துவிட்டதுபோல் முக்காட்டை இழுத்து மார்பை மூடினாள்.

"நீ என்னத்தக் கண்ட?"

"சட்டையக் கண்ட."

இரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாத வெட்கம், நோவைவிடப் பெரிதாக அந்த அறையை நிறைத்துக்கொண்டு நின்றது.

"ஒரு கொட்டைப்பாக்களவு கட்டி ஈக்கி," என்றாள் றலியா கடைசியில். "தொட்டா நோகுது. தொடாட்டியும் நோகுது. ராவையில அந்தப் பக்கம் சரிய ஏலா."

"வாப்பாட்ட செல்லியிருக்கலாமே உம்மா."

"என்னண்டு செல்ற?" என்றாள் றலியா. "வாப்பா போய் யாருட்ட செல்வார்? அந்த வெதமாத்தியாட்ட செல்வார். ஹாஷிம் ஹாஜியார்ட்ட செல்வார். ஆம்பளைகள் கூடி நிண்டு என்ட... வேணாம் மகள். அவங்கட வீட்டுப் பொம்பளைகள்ற காதுல விழுந்தா என்ன பேசுவாங்க தெரியுமா? உம்மாக்கு அந்த எடத்துல வருத்தம், மகளுக்கும் வரும்பாங்க. ஒன்ட கலியாணம் அப்படியே நிண்டுபோகும்."

றமீலா உம்மாவின் செருப்பை எடுத்து அவள் காலடியில் வைத்தாள். அதுதான் பதில்.

முற்றத்திலிருந்து முனாபின் குரல் கேட்டது. "றலியா! மெல்ல வா! தோள ஆட்டிப்புடாத!"

*

காரில் அவளுக்காக ஒரு தலையணை காத்திருந்தது. இலவம்பஞ்சை உதறிப் புதிதாகத் தைத்தது. முனாப் அதை அவளுடைய இடது கைக்குக் கீழே, தோளுக்குத் தாங்கலாக இருக்கட்டும் என்று தாமே பார்த்துப் பார்த்துச் செருகினார்.

அது போய் அழுந்தியது சரியாக அந்தக் கட்டியில்.

"எப்படி? சொகமா ஈக்கா?"

"சொகம்," என்றாள் றலியா. கண் கலங்கியதை அவர் நன்றி என்று எடுத்துக்கொண்டார்.

முன்னால் ஏறி உட்கார்ந்து டிரைவரிடம் சொன்னார்: "பள்ளம் திட்டி பாத்துப் போ. உள்ளுக்குத் தோள் ஈக்கி."

டிரைவர் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த மனுஷன். வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளினான். "தோள் மட்டுமா வருது முதலாளி, ஆளும் கூட வர்றாங்களா?"

முனாப் சிரித்தார். பின்னால் இருந்த இரண்டு பேரும் சிரிக்கவில்லை. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் கார் ஏறும்போது, கீழே மகாவலியில் யானைகள் படுத்துக் குளிக்கிறதை முனாப் திரும்பிப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தார். றலியாவுக்குச் சீலைதான் தெரிந்தது. ஒவ்வொரு குழியிலும் தலையணை ஒருமுறை அழுத்தியது. அதை எடுத்து அப்பால் வைக்க அவளுக்கு ஒரு காரணம் சொல்லவேண்டும். சொல்லக் காரணம் இருக்கவில்லை. பொய் என்பது அப்படித்தான் பிள்ளைகளே, நாம் வைத்த இடத்திலேயே நம்மைக் குத்திக்கொண்டிருக்கும்.

*

மருந்துசாலையில் வெள்ளைச் சேலை உடுத்த உதவிக்காரி ஒருத்தி வாசலுக்கு வந்தாள். ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, கன்னியாஸ்திரிகளிடம் படித்து வந்தவள். கத்தரீனா என்று பேர்.

"வாங்கம்மா, வாங்க. பொம்பளைங்க உள்ள வாங்க. அய்யா, நீங்க திரைக்கு அந்தாண்ட."

திரைக்கு அந்தாண்டை ஒரு கதிரை. முனாப் அதில் போய் உட்கார்ந்தார். துணித்திரைதானே, ஒரு மூச்சு விட்டாலும் அங்கே கேட்கும்.

மிஸ் கபிரியேல் கை கழுவித் துடைத்துக்கொண்டே வந்தார். நெடிய மனுஷி. கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

"நீங்களோ தோள்? வாங்கோ, இருங்கோ. எந்தப் பக்கம் நோகுது?"

"இடது பக்கம் டொக்டர்," என்றது திரை.

"நான் உங்களைக் கேக்கேல்லை ஐயா." டொக்டர் றலியாவைப் பார்த்தார். "எப்ப தொடக்கம் நோகுது?"

"நோன்புப் பெருநாள் கழிஞ்ச மறுகா," என்றது திரை மறுபடியும். "முந்தி லேசா இருந்த. இப்பதான் கடும."

கத்தரீனா வாயைப் பொத்திக்கொண்டாள். டொக்டர் பெருமூச்சு விட்டு, றலியாவின் தோளில் கை வைத்தார். அமுக்கினார். தட்டினார். எலும்பின் ஓரமாக விரலால் நடந்து பார்த்தார்.

"நோகுதோ?"

"இல்ல."

"இங்கை?"

"இல்ல."

"கழுத்துப் பக்கம்?"

"இல்ல."

டொக்டர் கையை எடுத்துவிட்டார். "இந்தத் தோளிலை ஒரு நெல்லுச் சாக்கை ஏத்திவிடலாம். ஒண்டும் இல்லை."

"அல்ஹம்துலில்லாஹ்!" திரைக்கு அப்பால் கதிரை கிறீச்சென்றது. முனாப் எழுந்தே விட்டார். "கேட்டியா றலியா? ஒண்டுமில்லையாம்! நான் பயந்தே போன புள்ள!"

அந்தச் சந்தோஷம் அவள் நெஞ்சில் வந்து இடித்தது. எழுந்து போய்விடலாம். பொய் பிடிபடவில்லை. தோள் நலம் என்று பெரிய டொக்டரே சொல்லிவிட்டார். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, தன் கட்டியோடு தான் தனியே இருந்துகொள்ளலாம். கலியாணம் முடியும்வரை பொறுத்தால் போதும்.

எழுந்துவிட்டாள். முக்காட்டைச் சரிசெய்தாள்.

றமீலா எழவில்லை. கழுவிக் கழுவிச் சிவந்த தன் விரல்களை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். சவர்க்காரத்தால் போகாத கறையை அந்த விரல்கள் இன்னும் தேடுவது போலிருந்தது.

றலியா இரண்டடி நடந்தாள். நின்றாள். திரும்பி வந்து டொக்டரின் கையைப் பிடித்தாள். கத்தரீனாவுக்கும் டொக்டருக்கும் அல்லாஹ்வுக்கும் தவிர வேறு யாருக்கும் தெரியாதபடி, முக்காட்டுக்குள்ளால் அந்தக் கையைக் கொண்டுபோய் நோகிற இடத்தில் வைத்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

டொக்டரின் முகம் மாறியது. விரல்கள் மெல்ல ஒருமுறை அசைந்தன.

"திரையை நல்லா இழுத்துவிடு கத்தரீனா," என்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சட்டையைக் கழட்டுங்கோ அம்மா. வெக்கப்படாதேங்கோ. நானும் இதோடை பிறந்தவள்தான்."

மூன்று பிள்ளை பெற்றபோதும் மருத்துவிச்சியிடம் விளக்கைத் தணிக்கச் சொன்னவள் றலியா. பகல் வெளிச்சத்தில், கத்தரீனா பிடித்த போர்வைக்குப் பின்னால், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு படுத்தாள். எண்ணெய் பட்ட இடம் தோலுரிந்து கன்றிப்போயிருந்தது.

"ஐயையோ, என்னம்மா இப்படி வெந்து கெடக்கு!" என்றாள் கத்தரீனா.

"எதைப் பூசினியள்?" என்று கேட்டார் டொக்டர்.

"என்ன? என்ன வெந்து கெடக்கு?" முனாபின் குரல். "தோள்ல ஒண்டுமில்லண்டு சென்னீங்களே டொக்டர்? எண்ணெய் நான்தான் வாங்கிக் குடுத்த. தோளுக்குத்தான் குடுத்த. தோள்லதான் நோவு!"

டொக்டர் பதில் சொல்ல வாயெடுத்தார். றலியா முந்திக்கொண்டாள்.

"இல்ல."

சுவரைப் பார்த்தபடியேதான் சொன்னாள். ஆனால் சத்தமாகச் சொன்னாள்.

"தோள்ல இல்ல. ஒருநாளும் தோள்ல இல்ல. மார்புல."

திரைக்கு அந்தாண்டைக் கதிரை மெல்ல நகர்ந்தது. செருப்புச் சத்தம் வாசலைத் தாண்டி வெளியே போயிற்று.

றலியா சுவரோடு முகத்தை வைத்து அழுதாள். டொக்டர் அவளை அழவிட்டார். அழுது முடியும்வரை அந்தக் கன்றிய இடத்தைக் குளிர்ந்த நீரில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எனக்கு அந்தப் பொல்லாத வருத்தமா டொக்டர்?"

"இப்பிடி நோகிற கட்டியெல்லாம் பொல்லாத கட்டி எண்டில்லை. சீழ் பிடிச்சதாயும் இருக்கலாம். ஆனா கையாலை தடவிப் பாத்துப்போட்டு நான் சத்தியம் பண்ண மாட்டன். சனிக்கிழமை வாங்கோ. மயக்கம் குடுத்து வெட்டி எடுப்பம். எடுத்ததைக் கொழும்புக்கு அனுப்பிப் பாத்தால்தான் தெரியும். இனி அந்த எண்ணெயைத் தொடப்படாது. சூடு வைக்கப்படாது. பிந்தவும் படாது, விளங்குதோ?"

விளங்கியது. சனிக்கிழமை.

*

முற்றத்துப் பலா மரத்தடியில் முனாப் நின்றார். றமீலாவைக் களிம்பு வாங்க நிறுத்திவிட்டு றலியா தனியே போனாள். கணவனுக்கும் தனக்கும் நடுவில் நாலு முழம் விட்டு நின்றாள்.

அவர் திரும்பவில்லை.

"ஊர் முழுக்கக் கொண்டு திரிஞ்ச நான்," என்றார். "பள்ளி எமாமும் துஆக் கேட்டார் றலியா. ஒன்ட தோளுக்கு."

அவள் தலையைக் குனிந்தாள்.

"நான் ஒன்ட புருஷன். என்னட்ட செல்ல ஏலாதா?"

"ஒங்கள்ட்ட செல்ல ஏலும்," என்றாள் றலியா. "ஆனா ஒங்கள்ட்ட சென்னது ஒங்கள்ட்ட நிக்காதே. எனக்காண்டித்தானே நீங்க ஆள் ஆளாப் போய்ச் செல்லணும். அந்தப் பேச்ச ஒங்கட வாயில வெச்சு அவங்களுக்கு முன்னால ஒங்கள நிக்க வெக்க எனக்கு மனம் வரல்ல. ஆம்பளைகள்ட்ட கொண்டுபோக ஏலுமான ஒரு எடத்தத்தான் ஒங்களுக்குத் தந்த."

முனாப் இப்போது திரும்பினார். கோபம் இருக்கும் என்று அவள் பயந்த முகத்தில் வெட்கம் இருந்தது. மனைவியின் உடம்பில் எங்கே நோகிறது என்று இத்தனை வாய்க்குச் சொன்னவர், ஒருநாளாவது விளக்கைத் தூக்கிப் பார்க்கவில்லையே என்ற வெட்கம்.

காரில் ஏறும்போது அந்தத் தலையணையை எடுத்து, ஒன்றும் சொல்லாமல் தம்முடைய மடியில் வைத்துக்கொண்டார்.

*

அக்குறணைக் கடைத்தெருவுக்குள் கார் நுழைந்ததும் ஒரு குடை குறுக்கே நீண்டது. டிரைவர் நிறுத்தினான்.

"அஸ்ஸலாமு அலைக்கும் முனாப்!"

ஹாஷிம் ஹாஜியார். துணிக்கடை வாசலிலிருந்து இறங்கி வந்து காரின் கதவில் கை வைத்தார். சீலைக்குப் பின்னால் றலியா மகளின் கையைப் பிடித்தாள்.

"வஅலைக்கும் ஸலாம்," என்றார் முனாப்.

"கண்டிக்குத்தானே போன? டொக்டர் என்னவாம்? தோள் நல்லமாமா?"

"தோள் நல்லமாம் ஹாஜியார். தோள்ல ஒண்டுமில்ல."

"நான் செல்லல்லயா, வெதமாத்தியாட எண்ணெய் எப்படி?" ஹாஜியார் கதவைத் தட்டிச் சிரித்தார். "அப்ப சரி. நல்ல சேதியாப் போச்சு. இந்தச் சனிக்கிழம எங்கட ஆக்கள் ஒங்கட வீட்டுக்கு வாராங்க. பொம்பளைகளும் வாராங்க. நாளக் குறிச்சிக்கிட்டாப் போகலாம், என்ன?"

சரி என்று சொல்லிவிடுங்க, என்று சீலைக்குப் பின்னால் றலியாவின் உள்ளம் கெஞ்சியது. சொல்லிவிடுங்க, நான் பொறுத்துக்கொள்வேன். டொக்டரிடம் பிறகு போகலாம். பிள்ளையின் நாளைக் குறித்துவிட்டுப் போகலாம்.

முனாப் மடியிலிருந்த தலையணையைப் பார்த்தார்.

"சனிக்கிழம ஏலா ஹாஜியார்."

"ஏன்?"

"நாங்க வீட்டுல இல்ல. கண்டிக்குப் போற. என்ட பொஞ்சாதிக்குச் சொகமில்ல."

"தோள் நல்லமெண்டு இப்பதானே சென்ன?"

கடைத்தெருவில் ஆட்கள் நின்று பார்த்தார்கள். எல்லாரும் தெரிந்த முகங்கள். எல்லாரும் தோளை விசாரித்தவர்கள். முனாபின் கழுத்தெல்லாம் வியர்த்திருந்ததைச் சீலையின் இடுக்கால் றமீலா கண்டாள்.

"தோள்ல இல்ல ஹாஜியார்," என்றார் முனாப். "வருத்தம் மெய். வெட்டி எடுக்கணும். எந்த எடத்துலண்டு மட்டும் என்னட்டக் கேக்காதீங்க."

ஹாஜியாரின் சிரிப்பு அப்படியே நின்றது. அவர் முனாபைப் பார்த்தார். பிறகு காரின் சீலையைப் பார்த்தார். அதற்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

கார்க் கதவில் இருந்த கையை மெல்ல எடுத்துக்கொண்டார்.

"வீட்டுல பேசிட்டுச் செல்றன்," என்றார்.

கார் நகர்ந்தது. கடை வாசலில் ஹாஜியார் குடையை விரிக்காமல் வெயிலில் அப்படியே நிற்கிறதை றமீலா இடுக்கால் பார்த்துக்கொண்டே வந்தாள்.

அவளுக்குப் பக்கத்தில் உம்மா ஒரு சத்தமும் இல்லாமல் அழுதுகொண்டிருந்தாள். ஆனால் காலையில் மார்பை மூடிப் பிடித்திருந்த முக்காடு இப்போது தோளிலிருந்து நழுவிக் கிடந்தது. அதை இழுத்துவிட உம்மா கை தூக்கவில்லை.